ரேடியோ மச்சானும் நாலாவது நிபந்தனையும்

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலி. வாசலை ஒட்டியது என் மச்சானுடையது, உள்ளே தள்ளிக் கிடப்பது என்னுடையது. என் அக்காவைக் கட்டியவர் என்பதால் எனக்கு அவர் மச்சான். அதே கணக்கில் அவருக்கு நான் மச்சான். கடைக்குள் யாராவது "மச்சான்" என்று குரல் கொடுத்தால் இரண்டு கத்தரியும் நின்றுவிடும். வெளியே அந்தக் குழப்பம் கிடையாது. வெளியே அவருக்கு ஒரே பேர்தான், ரேடியோ. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற ஒலிபரப்பு ஷட்டர் இறங்கும்வரை ஓயாது.

அந்தப் பேச்சு அவருக்குக் கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. இளவயதில் அவர் ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்த்தவர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முகச்சவரம், ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு முடி மழிப்பது, இதுதான் வேலை. பயத்தில் நடுங்கிக்கொண்டிருப்பவன் அசையாமல் கிடக்க வேண்டுமானால் அவன் கவனத்தை வேறெங்காவது இழுக்க வேண்டும். அதற்காகப் பேசிப் பழகினார். "பேச்சுதான்டா மச்சான் என் மயக்க மருந்து" என்பார். என் அக்கா அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததும் அந்தப் பேச்சுக்காகத்தான். இப்போது அதே பேச்சு ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள், அது வேறு கதை.

சொந்தமாகக் கடை போட்ட பிறகு நோயாளிகள் இல்லை, பேச்சு மட்டும் மிஞ்சிவிட்டது. நன்றாக இருக்கிற மனுஷனை அசையாமல் உட்கார வைக்க ஆறுதல் எதற்கு? அடுத்த வீட்டுக் கதை போதும். யார் வீட்டில் மாமியார் கோபித்துக்கொண்டு போனார், எந்தக் கம்பவுண்டர் எங்கே எட்டிப் பார்த்தார், எல்லாம் எங்கள் கடையில் வெந்நீரோடு கிடைக்கும். அவர் கத்தி பட்டு ரத்தம் பார்த்தவர் யாரும் இல்லை. நாக்கு பட்டுப் பார்த்தவர்கள் நிறைய.

எங்கள் நாற்காலிகளுக்கு முன்னால் சுவர் நிறையக் கண்ணாடி. உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே அதில் தெரு தெரியும். தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே மச்சான் தெரு முழுவதையும் பார்ப்பார். எதிர்ச்சாரியில் ஒரு சின்னச் சாவிக்கடை. அதை நடத்துகிற சாவிக்காரர் தனி ஆள், பேச்சு குறைவு. சாவி வெட்டுகிற மெஷின் கிறீச்சிடுகிற சத்தம்தான் அவர் எங்களோடு பேசுகிற பேச்சு என்று சொல்லிச் சிரிப்போம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் சவரத்துக்கு வருவார். மச்சானின் நாற்காலியில் சாய்வார், கண்ணை மூடுவார், கழுத்தைக் காட்டுவார், முடிந்ததும் ஸலாம் சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

கதை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. பள்ளிவாசல் இமாம் அன்றைக்குத் தவ்பா பற்றிப் பேசினார். பாவத்தை விட்டு அல்லாஹ்வின் பக்கம் திரும்பி வருவதைப் பற்றி. நபிமொழி ஒன்றையும் சொன்னார். பாலைவனத்தில் ஒருவன் ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டான். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அதன் முதுகில். தேடித் தேடி ஓய்ந்து, இனி சாவுதான் என்று ஒரு மர நிழலில் படுத்துவிட்டான். கண் விழித்தால் ஒட்டகம் பக்கத்திலேயே நிற்கிறது. கயிற்றைப் பிடித்தவன் சந்தோஷம் தாங்காமல் வாய் குழறி, "அல்லாஹ்வே, நீ என் அடிமை, நான் உன் எஜமான்" என்று மாற்றிச் சொல்லிவிட்டான். ஓர் அடியான் திருந்தித் திரும்பி வரும்போது, அந்த ஆளுக்கு வந்த சந்தோஷத்தைவிட அல்லாஹ்வின் சந்தோஷம் பெரியது என்றார் இமாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் விசும்புவது கேட்டது. திரும்பிப் பார்த்தால் தாடி முழுக்க ஈரம். வருத்தத்தில் அழுகிற முகமா அது? திருவிழாக் கூட்டத்தில் தொலைந்து, அம்மாவைப் பார்த்துவிட்ட பிள்ளையின் முகம். தவ்பாவுக்கு மூன்று நிபந்தனை என்று இமாம் அடுக்கினார். செய்த பாவத்தை விட வேண்டும், அதற்காக வருந்த வேண்டும், இனி அதன் பக்கம் போவதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். மனுஷனுக்கு மனுஷன் செய்த தப்பு என்றால் நாலாவது ஒன்று உண்டு, நேரமாகிவிட்டது, அதை அடுத்த வாரம் பார்ப்போம் என்று முடித்தார்.

அடுத்த வாரம் என்ற பேச்சையெல்லாம் மச்சான் காதில் வாங்கவே இல்லை. தொழுகை முடிந்து நான் முன்னால் வந்து கடையைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "டேய் மச்சான், மூணுதான்டா! மூணே மூணு! வருந்தியாச்சு, விட்டாச்சு, உறுதியும் எடுத்தாச்சு. எல்லாம் போச்சுடா! துடைச்சு விட்டுட்டான்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். என் நாற்காலியில் இருந்தவருக்கு அப்போது பாதிக் கிருதா வேலை நடந்துகொண்டிருந்தது. நல்ல வேளை, நான் கத்தியை எடுத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் கடை கல்யாண வீடு மாதிரி இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் டீ. புறம் பேசுவதை நிஜமாகவே நிறுத்தினார். அந்த இடத்தில் தன் பாவங்களைப் போட்டு நிரப்பினார். சுபுஹுத் தொழுகையை எத்தனை வருஷம் தூங்கியே கழித்தார், அக்காவிடம் என்னென்ன பொய் சொன்னார், ஒன்று விடாமல் ஒலிபரப்பு. மூன்றாம் நாள் அக்கா கடைக்கே வந்துவிட்டாள்.

"என்னங்க, உங்க தப்பையெல்லாம் அல்லாஹ் இத்தனை நாளா மூடி வச்சிருக்கான். நீங்க ஏன் ஒவ்வொண்ணா திறந்து ஊருக்குக் காட்டுறீங்க?"

"சந்தோஷத்துல சொல்றேன்ம்மா."

"சந்தோஷத்தையும் கொஞ்சம் மூடி வைங்க. இதுல பாதி என் மானமும் இருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை மச்சான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். இமாம் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அல்லாஹ்வுக்கும் உனக்கும் நடுவில் உள்ளதை அவன் மன்னிப்பான். ஆனால் நீ இன்னொரு மனுஷனின் மானத்தைக் கெடுத்திருந்தால் அது அந்த மனுஷனின் ஹக், அவனுடைய உரிமை. அவனிடம் போய் நின்று, அவன் பொறுத்துக்கொண்டால்தான் அந்த முடிச்சு அவிழும். இதுதான் நாலாவது நிபந்தனை.

மச்சானின் முதுகை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. அந்த முதுகு அப்படியே கூனிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. திருட்டு, கொலை என்று எதுவும் செய்யாத மனுஷன். ஆனால் பேசியிருக்கிறார். இந்தத் தெருவில் யாரைப் பற்றித்தான் பேசவில்லை?

ஆனால் அவர் உட்கார்ந்து புலம்புகிற ஆள் இல்லை. எதையும் ஓடியே செய்கிறவர், பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவும் ஓடினார். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவில் இறங்கி, கண்ணில் பட்டவர்கள் கையையெல்லாம் பிடித்தார். "உங்களைப் பத்தி எங்கேயாவது தப்பாப் பேசியிருந்தா பொறுத்துக்குங்க." பாதிப் பேர் சிரித்துத் தட்டிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் விடவில்லை. "என்ன பேசின?" என்று கேட்டார் தையல்கடைக்காரர். மச்சானும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். தனக்குப் பின்னால் தனக்கு 'கோணல் காலர்' என்று பேர் ஓடுவது அந்த மனுஷனுக்கு அன்றுவரை தெரியாது. அப்படிப் பேர் வைத்தது இன்னார் என்பதும் தெரியாது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை ஆகிவிட்டது. அடுத்த நாள் தையல்கடைக்காரர் வேறு சலூனில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

மச்சான் இமாமிடம் ஓடினார். நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் வழியில் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிவிடுவார் என்ற பயம். இமாம் சிரிக்காமல் கேட்டார்.

"விஷயம் தெரியாத ஆளுகிட்ட போய்ச் சொல்லிப் புதுசா ஒரு புண்ணை உண்டாக்காதீங்க. சொன்னா பகைதான் வரும்னா, அவருக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேளுங்க. எந்த இடத்துல அவரைக் கெட்டவராப் பேசினீங்களோ, அதே இடத்துல அவரோட நல்லதைப் பேசுங்க."

"அதே இடத்துலன்னா? என் கடையிலயா ஹஜ்ரத்?"

"உங்க கடையிலதான்."

மச்சான் முகத்தில் மறுபடியும் விளக்கு எரிந்தது. பேசித் தீர்க்க வேண்டிய பாவம்! பேச்சுக்கா பஞ்சம்? திரும்பி நடக்கும்போது வேகம் குறைந்து, தெரு முனையில் நின்றுவிட்டார். எதிரே சாவிக்கடை. மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"மத்தவங்க எல்லாம் சில்லறைடா மச்சான். இவரை நான் என்ன பண்ணேன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சாவிக்காரரின் மனைவி பெட்டியோடு தெருவில் நின்றார். மச்சான் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தவர், கண்ணாடியில் அதைப் பார்த்தார். சாவிக்காரரின் கை மேலே போனது. அந்தப் பெண் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு டாக்ஸி வந்து மறைத்தது. டாக்ஸி போனபோது அந்தப் பெண்ணும் போய்விட்டிருந்தார், திரும்பி வரவே இல்லை. மச்சான் கத்தரியை நிறுத்தாமலே சொன்னார், "பார்த்தீங்களா, அடிச்சுத் துரத்திட்டான். கை நீட்டுற ஆளு." கண்ணாடியில் ஒரு நொடி பார்த்ததுதான். ஆனால் முடி வெட்ட வந்த ஒவ்வொருவரும் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு சாவிக்காரருக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் விசாரிக்க வந்த இடமும் எங்கள் கடைதான். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

இமாமைப் பார்த்த மறுநாளிலிருந்து எங்கள் கடையில் புது நிகழ்ச்சி ஆரம்பமானது. "சாவிக்காரர் இருக்காரே, தங்கமான மனுஷன்! அந்தக் கை ஒரு ஈயை அடிச்சிருக்குமா? கோவம்னா என்னன்னே தெரியாது அவருக்கு!" வந்தவர்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். ஒருவர் வெளியே போகும்போது, "உங்க மச்சான் வீட்டுப் பூட்டு ஏதும் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார்.

இதையும் நிறுத்தியது அக்காதான். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவருக்குக் கோவமே வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இமாம்தானே நல்லது பேசச் சொன்னாரு."

"நல்லதைப் பேசச் சொன்னாரு. இட்டுக்கட்டிப் பேசச் சொன்னாரா? அன்னைக்கும் தெரியாமப் பேசினீங்க, இன்னைக்கும் தெரியாமப் பேசுறீங்க. நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம். நீங்க கொட்டினது சொல்லு. அதுக்கு மேல இன்னும் ஒரு மூட்டையைக் கொட்டாதீங்க."

மச்சான் அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். எனக்கு அக்கா மேல் கோபம்கூட வந்தது. திருந்துகிற மனுஷனை இப்படியா போட்டு வறுப்பது? ஆனால் அவள் சொன்னது அவருக்குள் போய் வேலை செய்தது. அதற்குப் பிறகு அவர் சாவிக்காரரைப் பற்றிப் பேசவில்லை, பார்க்க ஆரம்பித்தார். கண்ணாடியில் இல்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரம் வாசலில் வந்து நின்று, திரும்பி, நேராகப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக முதுகுக்குப் பின்னால் இருந்த தெருவை அந்த மனுஷன் அப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறார்.

ஒரு மதியம் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பெண்மணி வாசலில் நின்று பதறினார். கதவு பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே, அடுப்பில் பால். சாவிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். மச்சானும் பின்னாலேயே ஓடினார். கழுத்தில் துண்டு கட்டிய ஒருவர் கடையில் காத்திருந்தார், நான் போய்ச் சமாதானம் சொன்னேன். மச்சான் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது, கண் பளபளத்தது.

"மச்சான், ஒண்ணு பார்த்தேன்டா."

"என்ன, பால் பொங்கிடுச்சா?"

"பூட்டு திறந்த சத்தம் கேட்டுச்சு பாரு, அந்த நொடி அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. கதவை அவர் தள்ளவே இல்ல. அந்தம்மா திறந்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. இவர் வீட்டுக்குள்ள ஒரு பார்வை பார்க்கலடா. எத்தனை வீட்டுக் கதவு திறந்திருப்பாரு, எதுக்குள்ளயாவது பார்த்திருப்பாரா? நான் எந்தக் கதவையும் திறக்கல, எல்லா வீட்டுக்குள்ளயும் பார்த்துட்டேன்."

அன்றிலிருந்து அவருக்குச் சொல்ல ஒரே ஒரு நல்ல விஷயம் இருந்தது. அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். "கதவைத் திறப்பாரு, உள்ள பார்க்க மாட்டாரு." யாரும் கண்ணடிக்கவில்லை. சொல்லுக்கு நிஜம் இருந்தால் அது எப்படி நடந்து போகிறது என்று நான் பார்த்தேன். அது மருந்துக்கடைவரை போய்ச் சேர்ந்தது.

மறு வெள்ளிக்கிழமை காலையில் மருந்துக்கடைக்காரர் வந்து மச்சானின் நாற்காலியில் உட்காராமல் நின்றார். அவருக்கு ஒரு தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"நேராவே கேக்குறேன். என் தங்கச்சிக்காகச் சாவிக்காரரை விசாரிக்க நான் உங்ககிட்ட ஒரு தடவை வந்திருக்கேன், ஞாபகம் இருக்கா?"

மச்சான் தலையாட்டினார்.

"கை நீட்டுற ஆளுன்னு சொன்னீங்க. விட்டுட்டோம். அப்புறம் அவளுக்கு எதுவும் அமையல. போன மாசம் ஸ்கூல்ல பூட்டு மாட்டிக்கிட்டப்ப அவர் வந்து திறந்திருக்காரு. என்ன பார்த்தாளோ தெரியல, இப்ப அவரே போதும்னு நிக்கிறா. நீங்களும் இப்ப வேற மாதிரி பேசுறீங்களாம். எது உண்மை?"

ஒரு வார்த்தை போதும். "நல்ல மனுஷன், தைரியமாக் கொடுங்க" என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும், மச்சானின் மானமும் தப்பிவிடும். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். மச்சான் கையிலிருந்த சீப்பை மேஜையில் வைத்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க. அவர் கை மேல போனதை இந்தக் கண்ணாடியில பார்த்தேன். அடிச்சதை நான் பார்க்கல. பார்த்த மாதிரி சொல்லிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் முகம் சிவந்தது. "இத்தனை வருஷம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார், "உங்க பேச்சை நான் அன்னைக்கும் நம்பினேன். இன்னைக்கு எதை வச்சு நம்புறது? இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நம்புறேன்."

விஷயம் தெரியாத ஆளிடம் சொல்லிப் புண்ணாக்க வேண்டாம் என்று இமாம் கொடுத்த வழி அதோடு அடைபட்டது. இனி மருந்துக்கடைக்காரர் கேட்டால் சாவிக்காரருக்கு எப்படியும் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் மச்சான் வாயிலிருந்து தெரிய வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு முன்னால். வாசலில் ஸலாம் கேட்டது.

சாவிக்காரர் வந்து நாற்காலியில் சாய்ந்தார், கண்ணை மூடினார். மச்சான் துண்டைக் கட்டினார், நுரையைப் பூசினார். பேசவில்லை. ரேடியோ பேசாமல் சவரம் செய்வதை நான் அன்றுதான் பார்க்கிறேன். இடது கன்னம் முடிந்தது. கத்தி கழுத்துக்கு இறங்கியது. அங்கே வைத்துக்கொண்டா ஆரம்பிப்பார் ஒரு மனுஷன்?

"நான் உங்களுக்கு ஒரு பெரிய அநியாயம் பண்ணிட்டேன்" என்றார், கத்தி தொண்டையில் இருக்கும்போது.

சாவிக்காரர் கண்ணைத் திறந்தார். எச்சில் விழுங்கக்கூடப் பயந்தார் போல. மச்சானோ நிறுத்தவில்லை. கண்ணாடி, தூக்கிய கை, பொத்திய கன்னம், கடைக்கு வந்தவர்களிடம் சொன்னது, மருந்துக்கடைக்காரரைத் திருப்பி அனுப்பியது, எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. சொல்லச் சொல்லக் கை நடுங்கியது. நான் என் ஆளை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்து போய் மச்சான் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினேன். தவ்பா செய்யப் போய்க் கொலைக் கேசில் மாட்டியிருப்பார்.

சாவிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். பாதி முகம் பளபளவென்று, பாதி முகம் நுரை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அப்பவே தெரியும். இந்தத் தெருவுல உங்க பேச்சு வந்து சேராத காது ஏது?"

"தெரிஞ்சுமா வாராவாரம் வந்து என் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தீங்க?"

"உங்க கை நல்ல கை. வாய்தான் பொல்லாதது." அவர் குரல் உயரவே இல்லை. "அன்னைக்கு நான் கை தூக்கினது டாக்ஸியை நிறுத்த. அவங்க அழுதது ஏன்னு அவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். நாலாவது ஆளுக்கு அதைச் சொன்னாத்தான் என் பேரு சுத்தமாகும்னா, எனக்கு அந்தச் சுத்தம் வேணாம்னு இருந்துட்டேன்."

பெஞ்சிலிருந்த மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். மச்சான் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு நின்றார். "என்னைப் பொறுத்துக்குங்க. இது உங்க ஹக். நீங்க அவிழ்க்காம என் முடிச்சு அவிழாது."

சாவிக்காரர் எழுந்தார். துண்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். வாசலைத் தாண்டினார். பாதி நுரையோடு தெருவைக் கடந்து தன் கடைக்குள் போய்விட்டார். பள்ளிக்குக் கிளம்பியவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ சிரிப்பதும் கேட்டது.

"போயிட்டாருடா மச்சான்" என்றார் இவர். தன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வாயாடி, அவசரக்காரர், எல்லாம் சரி. ஆனால் மனதார வந்து நின்ற மனுஷன். கண்ணாடியில் எதிர்க்கடை தெரிந்தது. மச்சான் அதைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். இனி கண்ணாடியில் யாரையும் பார்ப்பதில்லை என்று முடிவு எடுத்திருந்தார் போலும். அதனால் நான்தான் பார்த்தேன். சாவிக்காரர் கடைக்குள் நின்றார், மெஷினைப் போட்டார், நிறுத்தினார். நுரை காய்ந்து உதிர்ந்தது. பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு மறுபடியும் தெருவைக் கடந்தார்.

உள்ளே வந்து மச்சான் முன்னால் நின்றார்.

"கோவம் வரட்டும்னு போய் நின்னேன். வந்துச்சு, நிறையவே வந்துச்சு. அப்புறம் இன்னும் கொஞ்ச நேரத்துல தொழுகைக்குப் போகணுமேன்னு ஞாபகம் வந்துச்சு. அங்க போய் நானும் இதே கையை ஏந்தி மன்னிப்புத்தான் கேக்கப் போறேன். கேட்டு வந்த ஒருத்தருக்கு இல்லைன்னு சொல்லிட்டு, எந்த முகத்தோட கேக்குறது? அதுவும் பாதி முகத்தோட." கொஞ்சம் நின்று, "பொறுத்துட்டேன். அல்லாஹ்வுக்காகப் பொறுத்துட்டேன். எந்திரிங்க, வலது கன்னம் பாக்கி இருக்கு" என்றார்.

மச்சான் துள்ளி எழுந்தார். சாவிக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து வாய் குழறியது. "அல்ஹம்துலில்லாஹ்! உங்களை மன்னிச்சுட்டேன்! மனசாரச் சொல்றேன், நான் உங்களை முழுசா மன்னிச்சுட்டேன்!"

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மச்சானுக்கு என்ன சொன்னோம் என்பதே தெரியவில்லை, கையை விடாமல் உலுக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் சாவிக்காரரின் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அந்த மனுஷன் சிரித்து இந்தத் தெரு கேட்டதில்லை. மெஷின் சத்தத்தைவிடப் பெரிதாகச் சிரித்தார். பெஞ்சிலிருந்தவர் எழுந்து, "நான் வீட்டுக்குப் போய்த் தங்கச்சிகிட்ட பேசிட்டு வர்றேன்" என்று சொல்லி, சாவிக்காரரின் தோளைத் தொட்டுவிட்டு வேகமாக வெளியே போனார். சாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார், கழுத்தைக் காட்டினார். கண்ணை மட்டும் மூடவில்லை. தனக்கு மேலே குனிந்து நின்ற மச்சானின் நனைந்த முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன, ஒட்டகம் கிடைச்சுட்டுதா?"

ரேடியோவுக்குப் பேச்சு வரவில்லை. பிரஷ்ஷில் புது நுரையைக் குழைத்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.